மூளைச் சத்திரசிகிச்சையில் ஒரு முன்னோடிப் பெண்மணி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பெண்கள் மருத்துவம் கற்ற வரலாறு நமக்குப் புதியதன்று. 1870இல் தோன்றிய கொழும்பு மருத்துவக் கல்லூரி, 1892இல் பெண்களுக்கும் இடமளித்தது. சென்னையிலே முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும், பெண் டாக்டருக்கு உரியவை பிரசவமும் குழந்தை வைத்தியமுமே என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்து நின்றது. சத்திரசிகிச்சை, அதிலும் மூளையிலே செய்யும் சத்திரசிகிச்சை, ஆண்களின் துறையென்றே கருதப்பட்டது. அந்த எண்ணத்தைத் தம் செயலால் மாற்றியவர்களுள் ஒருவர் டாக்டர் டி. எஸ். கனகா.

அம்மையார் 1932ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி சென்னையிலே பிறந்தார். தந்தையார் சந்தானகிருஷ்ணன், தாயார் பத்மாவதி. சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்று 1954இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். பொதுச் சத்திரசிகிச்சையில் எம்.எஸ். பட்டம் 1963இல் கிடைத்தது. இடையிலே சீனாவுடன் போர் மூண்ட காலத்தில், இந்திய இராணுவத்தின் மருத்துவ அதிகாரியாகவும் கடமையாற்றினார். பின்னர் நரம்பியல் சத்திரசிகிச்சைக்குரிய எம்.சிஎச். பட்டத்தை 1968இல் பெற்றார். அப்போது அவர் முப்பத்தாறு வயதை நெருங்கியிருந்தார். இங்கிலாந்தின் டயானா பெக் போன்ற மிகச் சில பெண்களே உலகில் அத்துறையில் முன்சென்றிருந்தனர். ஆசியாவின் முதற் பெண் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் என்று அம்மையாரைப் பலரும் போற்றுவர்.

சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கியிருந்தார். அங்கே அவருடனும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியத்துடனும் அம்மையார் பணியாற்றினார். அவர்கள் கையாண்ட ஒரு முறையைச் சற்று விளக்குகிறேன். நோயாளியின் தலையிலே ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையோடு, மூளையின் ஆழத்திலுள்ள இடத்தை நீளம், அகலம், ஆழம் என மூவகையாலும் கணக்கிடுவார்கள். பின்பு மண்டையோட்டிலே ஒரு சிறு துளையிட்டு, மெல்லிய கருவியை அவ்விடத்துக்குச் செலுத்துவார்கள். நடுக்கவாதம் போன்ற நோய்களால் வருந்துவோருக்கு இதனால் ஆறுதல் கிடைத்தது. சில மில்லிமீற்றர் தவறினாலும் பேச்சோ கைகாலோ பாதிக்கப்படலாம். இங்கே வேண்டியது உடல்வலிமையன்று. பொறுமையும் கணக்கும் பதறாத கையுமே. 1975இல் நோயாளியின் மூளைக்குள் மின்முனையை நிலையாகப் பொருத்தும் சிகிச்சையை இந்தியாவில் முதன்முதல் செய்தவர்களுள் அம்மையார் ஒருவர். மூளைக்குள் மின்தூண்டல் செய்யும் அம்முறை, நடுக்கவாதத்துக்கு இன்று பல நாடுகளில் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

அம்மையார் பட்டத்தோடும் பதவியோடும் நின்றுவிடவில்லை. பெற்றோர் பெயரால் ஒரு மருத்துவ நிறுவனம் அமைத்து, வறியவர்களுக்கு இலவச சிகிச்சை அளித்தார். 2004ஆம் ஆண்டளவில் 139 தடவை இரத்ததானம் செய்திருந்தார். ஆண்டுக்கு மூன்று தடவை என்று வைத்தாலும் அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகள் வேண்டும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி அவர் இவ்வுலகை நீத்தார்.

பெரியோர்களே! முதற் பட்டத்துக்கும் மூளைச் சத்திரசிகிச்சைப் பட்டத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் சென்றன என்பதைக் கவனியுங்கள். நம் பேலியகொடை வீடுகளிலும் விஞ்ஞானம் நன்றாகக் கற்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டம் பெற்றதும், "படித்தது போதும், இனிக் கலியாணத்தைப் பார்ப்போம்" என்று சொல்லுமுன், அப்பிள்ளையின் விருப்பம் என்னவென்று ஒரு வார்த்தை கேளுங்கள். மகன் மேற்படிப்புக்குக் காத்திருக்கும் பொறுமையை மகளுக்கும் காட்டுங்கள்.

வாலிபர்களே! உங்கள் சகோதரி இராக்கடமைக்குச் செல்லவேண்டி வந்தால், அவளுக்குத் துணை நில்லுங்கள். வீட்டு வேலையிலும் பங்கு கொள்ளுங்கள். எல்லோரும் சத்திரசிகிச்சை நிபுணராக முடியாது. ஆயினும் உடல்நலமுள்ள இளைஞர் எவரும் இரத்ததானம் செய்யலாம். இவ்வாண்டிலேயே நம் சங்க அங்கத்தவர்கள் அதற்கு முன்வரவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.