முதியோரின் மறதியும் நம் உணவும் நடையும்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற முதியோர் கூட்டத்தில் மரியாயின் சேனை சார்பில் ஆற்றிய உரை)

 

பங்கிலுள்ள நோயாளிகளை வீடு தேடிச் சந்திப்பது எங்கள் சேனையின் ஊழியம். போகுமிடமெல்லாம் ஒரே வார்த்தையைக் கேட்கிறோம்: "அப்பாவுக்கு வயசாகிவிட்டது, மறதி இருக்கத்தானே செய்யும்." கோர்வைச் சேலைக்கு இழை எண்ணிப் பழகிய கைகள் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் தடுமாறுகின்றன. பேரனை மகன் பெயர் சொல்லி அழைப்பது சாதாரண மறதியாயிருக்கலாம். பிறந்து வளர்ந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது அப்படியன்று. அது டிமென்ஷியா என்னும் மூளை நோயாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வேலூர் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கணியம்பாடி தெரியும். அந்த வட்டாரத்துக் கிராமங்களில் 65 வயது கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை, '10/66' என்ற உலக ஆராய்ச்சிக் குழுவுக்காக வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அமெரிக்க அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நோயாளிகள் வெகு சிலரே தென்பட்டார்கள். நம் போன்ற நாடுகளுக்கென்று வகுத்த முறையில் பார்த்தபோது தொகை பல மடங்கானது. காரணம் என்ன? வீட்டார் அதை நோயென்று எண்ணவில்லை. பெரியவர் செய்யத் தவறியதை மருமகள் சத்தமில்லாமல் செய்து முடித்துவிடுகிறாள். குறை வெளியே தெரிவதில்லை.

உணவையும் நடையையும் மாற்றினால் இந்நோய் வரவே வராது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. லான்செட் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-இல் பதினான்கு காரணங்களைக் குறித்தது. அவற்றையெல்லாம் உலக அளவில் அகற்ற முடிந்தால், நோயுற்றோரில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடுமாம். மீதியுள்ளோருக்கு வருவது யார் குற்றமுமல்ல. பராமரிக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும். பின்லாந்தில் அறுபது வயது கடந்த 1,260 பேரைக் கொண்டு இரண்டாண்டுகள் சோதித்தார்கள். காய்கறி, முழுத் தானியம், மீன் கொண்ட உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு இவற்றைச் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களுக்குச் சிந்தனைத் திறன் மேலாக நின்றதென்று 2015-இல் அறிவித்தார்கள்.

"தறியில் கையும் காலும் ஓயாமல் ஆடுகின்றனவே, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?" என்று நெசவாளப் பெரியவர்கள் எங்களைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் குழித்தறியில் நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். மூச்சு வாங்கும்படி நடப்பதில்லை. வாரத்தில் குறைந்தது 150 நிமிட நடை போன்ற உழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தினம் இருபத்திரண்டு நிமிடம்! கோயிலுக்கு வண்டியில் வருகிறவர்கள் நடந்து வந்தாலே பாதி கணக்குத் தீரும். முழங்கால் வலிப்பவர்கள் மெதுவாக நடக்கட்டும். துணைக்குப் பேரப்பிள்ளை ஒன்று வரட்டும்.

உணவைப் பற்றிச் சொன்னால் ஆரணிக்காரர்களுக்குக் கோபம் வரும். அரிசிக்குப் பேர்போன ஊர் அல்லவா! சோற்றை விடச் சொல்லவில்லை. தட்டில் சோறு மலையாகவும், கீரை ஒரு கரண்டியாகவும் இருப்பதைத்தான் மாற்றச் சொல்கிறோம். கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், முருங்கைக்கீரை, நம் ஜில்லாவில் விளையும் வேர்க்கடலை, வாரத்தில் இரண்டு நாள் மீன்: இவை பட்டணத்துச் சாமான்கள் அல்ல, நம் பாட்டிமார் சமைத்தவைதாம். தறிக்கிடையில் நாலைந்து முறை குடிக்கும் சர்க்கரை டீ, ஊறுகாய், கருவாடு ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். ஞாபகசக்திக்கென்று விற்கும் மாத்திரைகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். மறதி நோயைத் தடுக்க வைட்டமின் மாத்திரைகளைப் பரிந்துரைக்கக் கூடாதென்று உலகச் சுகாதார நிறுவனமே 2019-இல் கூறியிருக்கிறது.

பீடியை விடுங்கள். விசைத்தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். கேளாமையும் அந்தப் பதினான்கில் ஒன்று.

அறிவு குன்றிப்போன தகப்பனிடமும் பொறுமை காட்டச் சீராக் ஞானநூல் கற்பிக்கிறது. ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்கும் தாயாரிடம் பத்தாம் முறையும் பதில் சொல்வது எவ்வளவு கடினமென்று வீடுகளில் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட வீடுகளில் மகளோ மருமகளோ பூசைக்கு வர விரும்பினால் எங்களிடம் சொல்லுங்கள். ஞாயிறு காலை எங்களில் இருவர் வந்து பெரியவரோடு உட்கார்ந்திருப்போம்.

மரியே வாழ்க!