கடைசிப் படி ஏன் இடறுது?

இன்னைக்கு படிக்கட்டு.

ரெவிட், ஸ்கெட்ச்அப் எதுவானாலும் கணக்கு ஒண்ணுதான். ஸ்லாபுக்கு ஸ்லாப் 3150 மி.மீ. உயரம். அதை 18 ரைசரா பிரிச்சா, படி உயரம் 175. கால் வைக்கிற ட்ரெட் 280. ரைசரை ரெண்டு மடங்காக்கி ட்ரெட்டைக் கூட்டினா 630. நம்ம நடைக்கு வசதியான அளவு. பிரான்சுவா புளோண்டெல்ங்கிற பிரெஞ்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன சூத்திரம் இது.

சிக்கல் எங்கே? மாடலில் இருக்கிறது வெறும் கான்கிரீட். அதுக்கு மேல ரெண்டு தளத்திலும் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 50 மி.மீ., படியில் கிரானைட் 20 மி.மீ.னு வைங்க. முதல் படி 145 ஆகிடும். கடைசிப் படி 205! நடுவில் எல்லாமே 175. ரெண்டு மூணு படியிலேயே கால் அளவைப் பழகிடும், அப்புறம் யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்லை. கையில் குழந்தையோட ஏறுறவங்க அந்த 205இல்தான் தடுக்கி விழுவாங்க. அதனால டைல்ஸ் மட்டத்திலிருந்து டைல்ஸ் மட்டம்வரை உயரத்தைப் பிரிங்க. கான்கிரீட் அளவை அதிலிருந்து கழிச்சு எடுங்க.

அலங்காரம் அதுக்கு அப்புறம்தான். கைப்பிடிக்குக் கீழே வர்ற கடைசல் கம்பத்தை ஸ்கெட்ச்அப்பில் காம்போனன்ட்டா செய்யுங்க. ஒண்ணைத் திருத்தினா எல்லாம் மாறும். காப்பி பண்ணின குரூப்பில் அது நடக்காது. வளைவுகளுக்கு செக்மென்ட்டைக் குறைங்க, இல்லைனா ஃபைல் நகராது. கம்பங்களுக்கு நடுவில் குழந்தையோட தலை நுழையக் கூடாது. அழகு பார்க்கும்போது இதை விட்டுடாதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.