ஊர்ப் பத்திரிகையும் அதன் ஒழுங்கும்



ஊர்ப் பத்திரிகை என்றவுடன், அது பெரிய பத்திரிகையின் சிறிய உருவம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. தலைநகரில் வெளிவரும் நாளிதழை வாசிப்பவர் அதில் எழுதியவரை அறியார். எழுதியவரும் வாசிப்பவரை அறியார். ஊர்ப் பத்திரிகையிலோ எழுதுபவர், எழுதப்படுபவர், வாசிப்பவர் ஆகிய மூவரும் ஒரே கடையில் தேநீர் அருந்துகின்றனர். ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றனர். ஆகவே, அங்கே நேர்ந்த ஒரு பிழை அடுத்த இதழின் திருத்தக் குறிப்போடு தீர்ந்துவிடுவதில்லை. அது இரு குடும்பங்களுக்கிடையே பல ஆண்டுகள் நின்றுவிடவும் கூடும். பெரிய பத்திரிகையைக் காட்டிலும் ஊர்ப் பத்திரிகைக்கே ஒழுங்கு மிகுதியாக வேண்டும் என்று சொல்வது இதனாலேதான்.

புத்தளம் நகரை அடுத்துள்ள தில்லையடியை நினைத்துப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் அவர்களுடைய ஊர்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவர்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. ஏறத்தாழ 75,000 மக்கள் வீடு வாசலை விட்டு நீங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தனர். அவர்கள் குடியமர்ந்த இடங்களுள் தில்லையடியும் ஒன்று. வந்தவர்கள் ஓர் ஊரார் அல்லர், பல ஊரார். அவர்களுக்கு இடங்கொடுத்த புத்தளத்து மக்களும் அருகே இருந்தனர். கிணறும் பாடசாலையும் வேலையும் இரு சாராருக்கும் பொதுவாயின.

இத்தகைய இடத்தில் செய்தி என்பது பொழுதுபோக்கன்று. 2013ஆம் ஆண்டில், இடம்பெயர்ந்தோர் தம் சொந்த ஊர் வாக்காளர் இடாப்பிலே பெயரைப் பதிந்துகொள்ள வகைசெய்யும் விசேட சட்டமொன்று இலங்கையில் நிறைவேற்றப்பட்டது. அத்தகைய பதிவுக்குரிய இறுதி நாளை ஓர் ஊர் மடல் தவறாக அச்சிட்டால் என்ன நேரும்? அதனை நம்பியிருந்த குடும்பம் தன் வாக்குரிமையை இழக்கும். அடுத்த முறை அம்மடல் உண்மையையே சொன்னாலும் கேட்பாரிலர்.

ஆகவே, கட்டுரை பிறப்பது முதல் வாசகர் கையை அடைவது வரை அது செல்ல வேண்டிய வழியை ஆராய்வோம். இப்படிப்பட்ட ஊரொன்றின் சனசமூக நிலையம் மாதம் ஒரு முறை எட்டுப் பக்க மடல் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிச்சியின் கிணற்று நீர் உவர்ப்பாகிவிட்டது. அதைப் பற்றி எழுத வேண்டும்.

முதற்படி, பொறுப்பை ஒப்படைத்தல். “யாராவது எழுதுங்கள்” என்றால் ஒருவரும் எழுதார். பத்திராதிபர் குழு கூடி ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். பொருள் யாது, எத்தனை சொற்கள், எந்த நாளில் தருவது, யார் யாரைக் கண்டு கேட்பது என்னும் நான்கையும் ஒரு பதிவேட்டிற் குறிக்க வேண்டும். கட்டுரை இன்று யார் கையில் இருக்கிறது என்பதை அப்பதிவேட்டைத் திறந்த எவரும் உடனே அறிதல் வேண்டும். ஊர்ப் பத்திரிகைகள் பல மூன்றாம் இதழோடு நின்றுபோவதற்குப் பணமின்மை மட்டும் காரணமன்று. “அவர் பார்ப்பார் என்றிருந்தேன்” என்று ஒருவரையொருவர் நம்பியிருப்பதும் பெருங்காரணம்.

இரண்டாம் படி, தேடி எழுதுதல். கிணற்றைப் பயன்படுத்தும் பழைய குடிகளையும் பின்வந்த குடிகளையும் கேட்க வேண்டும். கிராம அலுவலரையும் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதினால் நீரைப் பற்றிய கட்டுரை மனிதரைப் பற்றிய குற்றச்சாட்டாக மாறிவிடும்.

மூன்றாம் படி, சரிபார்த்தல். இதனை எழுதியவரே செய்தல் கூடாது. தம் கண்ணுக்குத் தம் பிழை தெரிவதில்லை என்பது ஒரு காரணம், கேட்டவரிடமே மறுபடியும் போய், “நீங்கள் இவ்வாறு சொன்னீர்களா?” என்று வேறொருவர் கேட்கும்போது பத்திரிகையின்மேல் மதிப்புப் பிறக்கும் என்பது மற்றொன்று. பெயர், நாள், இடம், தொகை ஆகிய ஒவ்வொன்றின்கீழும் கோடிட்டு, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பக்க ஓரத்திற் குறித்தல் நல்ல வழக்கம்.

நான்காம் படி, செப்பனிடுதல். நீண்டதைச் சுருக்கலாம், மயங்கியதைத் தெளிவாக்கலாம், பொருளை மாற்றலாகாது. செப்பனிட்ட பிரதியை எழுதியவரிடம் ஒருமுறை காட்டியே தீர வேண்டும். தம் பெயரோடு வெளிவந்ததில் தாம் எழுதாத கருத்தைக் காணும் இளைஞர் மறுமுறை பேனா எடுக்க மாட்டார்.

ஐந்தாம் படி, ஒப்புதல். இதுவே மிகக் கடினமானது. கட்டுரையிற் பேசப்படுபவர் குழுவினர் ஒருவரின் உறவினராயின், அவர் அன்று ஒதுங்கியிருத்தல் வேண்டும். அச்சுச் செலவைக் கொடுத்தவருக்கு விளம்பரத்திலே இடமுண்டு, ஒப்புதலிலே இடமில்லை. இவ்விதியை முதல் இதழுக்கு முன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் வந்தபின் எழுதும் விதி ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகவே தோன்றும்.

ஆறாம் படி, பக்கம் அமைத்தலும் ஒப்புநோக்குதலும். முன்னர் ஈய எழுத்துகளைக் கோத்தனர். இப்போது கணனியிலே அமைக்கின்றனர். கருவி மாறியதே தவிரப் பிழை மாறவில்லை. புத்தளத்திலுள்ளது தில்லையடி. தமிழ்நாட்டிலே தரங்கம்பாடிக்கு அருகிலுள்ளது தில்லையாடி. ஒரு கால் கூடினாற் கடல் கடந்த வேறோர் ஊர்! ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் மூலப் பிரதியைப் பார்த்து வரும் பழைய முறைக்கு ஈடான முறை இன்னும் தோன்றவில்லை என்றே சொல்லலாம்.

அந்தத் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட தாய்க்குப் பிறந்தவரே, தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்திற் சிறை சென்று 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்த வள்ளியம்மை. அப்போராட்டத்தின் குரலாக விளங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ என்னும் பத்திரிகை 1903ஆம் ஆண்டில் டர்பனிலே தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி ஆகிய நான்கு மொழிகளில் அது வெளிவந்தது. 1904ஆம் ஆண்டின் இறுதியில் அச்சகம் பீனிக்ஸ் குடியிருப்புக்கு மாற்றப்பட்டது. அங்கே முதல் இதழை அச்சிட்ட இரவில் எண்ணெய் எந்திரம் இயங்க மறுத்தது. அது நேரலாம் என்று காந்தியடிகள் முன்னரே கைச்சக்கரம் ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தார். உறங்கிக்கொண்டிருந்த தச்சர்களையும் எழுப்பி, எல்லோரும் முறைவைத்துச் சக்கரத்தைச் சுழற்றினர். இதழ் உரிய நேரத்தில் வெளிவந்தது. இதனைக் காந்தியடிகளே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

ஆயினும், அதே பத்திரிகையின் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் 1906ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்டன. அவற்றுக்குத் தக்க ஆசிரியரும் அச்சுக்கோப்போரும் கிடைக்கவில்லை. எந்திரம் நின்றபோது கைச்சக்கரம் உதவியது. கைகளே இல்லாதபோது உதவுவது யாது? ஒவ்வொரு படிக்கும் ஒருவரைப் பழக்கும்போதே, அவர் இல்லாத நாளில் அதைச் செய்ய இன்னொருவரையும் பழக்குதல் இன்றியமையாதது என்பதை இது புலப்படுத்துகிறது.

இறுதிப் படி, வழங்குதலும் பேணுதலும். இதழ் அச்சானதும் வேலை முடிந்ததாக எண்ணுதல் தவறு. வீட்டுக்கு வீடு சேர வேண்டும். வாசிக்க இயலாத முதியவர்க்கு ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வோர் இதழிலும் சில பிரதிகளை எடுத்து வைக்கவும் வேண்டும். 1882ஆம் ஆண்டிலே சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அக்காலத்தவரின் கவலைகளையும் கனவுகளையும் நாம் இன்று அறிவதற்கு அத்தகைய இதழ்களே சான்று. 2005ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் இதழ்களைத் தேடித் தொகுத்து வருகிறது. ஊர் மடல்களும் இவ்வாறு பேணத்தக்கனவே.

வீட்டுப் பத்திரத்தையும் திருமணப் பதிவையும் விட்டு வந்த மக்களுக்கு, தம் வாழ்வைப் பற்றிய எழுத்துச் சான்று எத்துணை அரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தலைமுறை, “எங்கள் கிணறு எப்போது உவர்ந்தது? யார் யார் கூடி அதனைச் சீர்செய்தனர்?” என்று கேட்கும். அக்கேள்விக்கு விடையாகப் பழைய இதழ் ஒன்றை எடுத்துக் கொடுக்கும்போது, அதிலுள்ள பெயர்களும் நாள்களும் மெய்யாக இருத்தல் வேண்டும். அம்மெய்ம்மையை ஒருவருடைய திறமை மட்டும் தந்துவிடாது. ஏற்றவர், எழுதியவர், சரிபார்த்தவர், செப்பனிட்டவர், ஒப்பியவர், ஒப்புநோக்கியவர், கொண்டு சேர்த்தவர் ஆகிய அனைவரும் தத்தம் கடமையைச் செய்தாலன்றி அது கிட்டாது. ஊர்ப் பத்திரிகையின் பெருமை அதன் அளவில் இல்லை, இவ்வொழுங்கிலேயே உள்ளது.