விழாக் கால வாழ்த்தும் விதைப் பரிமாற்றமும்
(திருகோணமலை மாவட்டக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சித்திரை வருடப்பிறப்பு நெருங்கும் வேளையில் உங்கள் முன் பேசுகிறேன். முதற்கண் எல்லோருக்கும் என் வாழ்த்து உரியதாகுக. வாழ்த்தைப் பற்றியே இன்று சிறிது பேசக் கருதுகிறேன். உழவர் உழவருக்குக் கூறும் வாழ்த்து வாயளவில் நிற்பதில்லை; அது எப்பொழுதும் கையில் ஏதேனும் ஒன்றை ஏந்தியே வருகிறது.

நம் மாவட்டத்து விழாக்கள் வயலோடு ஒட்டிப் பிறந்தவை. ஐப்பசியில் தீபாவளி வரும்போது பெரும்போக விதைப்பு மும்முரமாயிருக்கும். தைப்பொங்கலன்று வேளாண்மை பெரும்பாலும் கதிர் தள்ளியோ பால் பிடித்தோ நிற்கும். தைப்பூசத்தை அண்டிப் புதிர் எடுக்கிறோம். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலும் இந் நெற்புதிர் விழா பேணப்பட்டு வருகிறது. சித்திரை பிறக்கும்போது சூடடித்து முடிந்து, சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் நினைவு வருகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் பெருநாள் வந்தால் தொதலும் வட்டிலப்பமும் அயல் வீட்டுக்குப் போகின்றன. கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களக் கமக்காரர் வீட்டிலிருந்து பாற்சோறும் கொக்கிசும் வருகின்றன. துணியால் மூடி வந்த தட்டம் வெறுமையாய்த் திரும்புவதில்லை என்பது மூன்று சமூகத்தாருக்கும் பொதுவான மரியாதை. பலகாரம் இல்லாத வீட்டார் நாலு கத்தரிக்காயையாவது வைத்தே திருப்பி அனுப்புவர்.

வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து நீராடிய பின், பெரியவர்கள் கைவிசேடம் கொடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெற்றிலை, பாக்கு, காசு ஆகியவற்றோடு நெல்மணியும் சேர்த்துக் கொடுப்பது பழைய முறை. இப்பொழுது பல வீடுகளில் காசு மாத்திரம் மிஞ்சியிருக்கிறது. நெல் ஏன் அதிலே இருந்தது என்பதற்குச் சமயம் அறிந்தோர் தம் விளக்கம் கூறுவர். விவசாயப் போதனாசிரியனாகிய எனக்கு அது விதையாகவே தோன்றுகிறது. ஆகையால் இவ்வருடம் உங்கள் நண்பருக்குக் கொடுக்கும் கைவிசேடத்தில் நல்ல விதையும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதனை வெறும் அலங்காரப் பேச்சாக எண்ண வேண்டாம். 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி, வருடப்பிறப்புக் கழிந்து ஒரு வாரத்துக்குள், கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. வீடுகளும் பல உயிர்களும் போயின. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி மூதூர், கிண்ணியா, குச்சவெளிக் கரையோரங்களில் உட்புகுந்தது. போர்க்காலத்தில் எத்தனை குடும்பங்கள் உடுத்த உடையோடு புறப்பட நேர்ந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய நாட்களில் வீட்டு மூலையிற் கட்டித் தூக்கியிருந்த விதையும் போய்விடுகிறது. காசு கொடுத்துத் திணைக்கள விதைநெல் வாங்கலாம். உங்கள் பாட்டியார் காலத்துப் புடலையையோ பாகலையோ எந்தக் கடையில் வாங்குவீர்கள்? அது வேறோர் ஊரில் நண்பர் ஒருவரின் பந்தலிலும் படர்ந்திருந்தால், திரும்பக் கேட்டுப் பெறலாம். கொடுத்த விதையே காத்த விதை.

ஆனால் அன்போடு கொடுத்த விதை தீமை செய்வதும் உண்டு. அதைத்தான் சற்று விரிவாய்ச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நெல். புதிர் எடுத்த புது நெல்லை உடனே முளைக்கட்டிப் பார்த்து, "அவர் தந்த விதை முளைக்கவில்லை" என்று நண்பரைக் குறை கூறுவோர் உளர். புது நெல்லுக்கு உறங்குகாலம் உண்டு. இனத்துக்கேற்பச் சில வாரங்கள் அது முளையாது கிடக்கும். தையிலும் மாசியிலும் அறுத்த நெல்லைப் பங்குனிக் கடைசியிற் சோதிப்பதே முறை. எண்ணி எடுத்த நூறு மணிகளை ஈரத் துணியிற் சுற்றி, துணி உலராமற் பார்த்து, ஏழாம் நாள் எண்ணுங்கள். 85 அல்லது அதற்கு மேல் முளைத்திருந்தால் அதை விதைநெல் என்று கொடுக்கலாம். அதற்குக் குறைந்தால் சோற்றுக்குக் கொடுங்கள். அதுவும் நல்ல பரிசே. நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்குப் 13 ஐ விஞ்சக் கூடாது. ஈரமானி இல்லாதோர் மணியைப் பல்லிற் கடித்துப் பார்க்கலாம். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். 'கடுக்' என்று உடைந்தால் போதும். உச்சிவெயிலில் தார் வீதியிற் பரப்பி உலர்த்திய நெல்லை விதைக்கென்று எடுக்க வேண்டாம். அந்தச் சூட்டில் முளை வெந்து போகும்.

பதர் நீக்க உப்புநீர் முறை சிறந்தது. புதுக் கோழிமுட்டை மிதந்து, அதன் மேற்புறம் ஒரு நாணயம் அளவு தெரியும் வரை நீரில் உப்பைக் கரையுங்கள். நெல்லை இட்டு, மிதப்பதை வாரி எறிந்து, தாழ்ந்ததை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். இவ்வேலையை விதைக்கும் நாளை ஒட்டிச் செய்தாற் போதும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்துப் பன்றிநெல் எனப்படும் களைநெல். 1990களின் தொடக்கத்தில் அம்பாறை மாவட்டத்திற் கண்டறியப்பட்ட இக் களை, விதைநெல்லோடும் அறுவடை இயந்திரத்தோடும் ஊர் ஊராய்ப் பரவியது. இளமையில் நெல்லிலிருந்து பிரித்தறிய முடியாது. கதிர் வரும்போதுதான் பலவும் உயர்ந்து, கூர் நீண்டு காணும். அறுக்குமுன்னே மணியுதிர்ந்து மண்ணிற் கிடந்து, அடுத்த போகங்களிலும் முளைக்கும். நெல்லும் அதுவும் ஒரே குலமாகையால், நெல்லைக் காத்து அதை மட்டும் கொல்லும் களைநாசினியை எதிர்பார்க்க முடியாது. எனவே களைநெல் கண்ட வயலின் நெல்லை எவருக்கும் விதையாகக் கொடாதீர்கள், எவரிடமும் வாங்காதீர்கள். உறவினர் மனம் நோகுமே என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை: வாங்கிய நெல்லைக் குற்றிப் பொங்கி, அந்தப் பொங்கலில் ஒரு பங்கை அவருக்கே அனுப்புங்கள். மரியாதையும் குறையாது, வயலும் கெடாது.

இனி மரக்கறி. பயற்றை, தக்காளி போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. தாயைப் போலவே பிள்ளை வரும். கத்தரி, மிளகாய், வெண்டி ஆகியன அயற் செடியோடு சற்றுக் கலக்கும். பூசணி, பாகல் முதலிய கொடிகளோ தேனீயின் விருப்பப்படி கலப்பவை. அயலில் வேறு பூசணி இனம் இருந்தால், உங்கள் இனம் என்று கொடுத்த விதை எப்படிக் காய்க்கும் என்பதை எவரும் சொல்ல இயலாது. இனம் தூய்மையாய் வேண்டுமானால், மறுநாள் விரியவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல்நாள் மாலையில் நூலாற் கட்டிவிடுங்கள். அதிகாலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் முடியில் தடவி, பெண்பூவை மீண்டும் கட்டி, காம்பில் ஓர் அடையாளமும் இடுங்கள். அக் காயை நன்கு முற்றவிட்டு விதை எடுங்கள். ஐந்து நிமிட வேலை. சிறுவர்கள் இதை மிக விருப்பத்தோடு செய்வார்கள். கலப்பினப் பைக்கற்று விதையில் விளைந்த காயின் விதையை மட்டும் நண்பருக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாய்க் கண்ட பயற்றைக் கொடியிலிருந்தும் விதை எடுக்கலாகாது. பயற்றையின் வைரசு நோய்களிற் சில விதை வழியே செல்வன.

நாற்றும் கன்றும் கொடுப்பது விதையைக் காட்டிலும் அபாயமானது. அவற்றோடு மண்ணும் பயணம் செய்கிறது. பச்சையாய் நின்ற கத்தரியோ தக்காளியோ திடீரென்று வாடினால், தண்டின் அடிப்பாகத்தை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் முனை தோயப் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிறக் கசிவு நூலாய் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்தத் தோட்டத்து மண்ணில் எழுந்த நாற்று ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. வேரில் முடிச்சு முடிச்சாய் வீங்கியிருந்தால் வட்டப்புழு. அதுவும் கொடுக்கத் தகாதது. வாழைக்குட்டி கொடுப்போர் தாய்மரத்தைப் பாருங்கள். குருத்திலைகள் குறுகி, நிமிர்ந்து, கொத்தாய்க் குவிந்திருந்தால் குட்டியிலும் அந்த நோய் இருக்கும். நல்ல நாற்றாயினும், சித்திரையில் நட்டபின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும் என்பதை மறவாதீர்கள். கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே நீரைக் குறைத்து வெயிலிற் பழக்கிக் கொடுங்கள்.

பெற்றுக்கொள்பவர் செய்யவேண்டியது சிறிது. வந்த விதை எதுவாயினும், முதற் போகத்தில் தனி மூலைப் பாத்தியில் இட்டுப் பாருங்கள். முழு வயலையும் ஒரே தடவையில் ஒப்படைக்க வேண்டாம்.

கொடுப்பவர், நன்கு உலர்ந்த விதையைக் கழுவி உலர்த்திய போத்தலில் இட்டு இறுக மூடி, ஒரு கடதாசித் துண்டில் இனத்தின் பெயர், அறுத்த மாதம், நூற்றுக்கு எத்தனை முளைத்தது, எந்த ஊர் மண் என்ற நான்கையும் எழுதி ஒட்டுங்கள். வாழ்த்தை அதன் மறுபக்கத்தில் எழுதலாம். முளைப்புச் சோதனைக்கு நாள் வேண்டுமாகையால் இன்றிரவே நூறு மணியை நனைத்துவிடுங்கள். ஐயம் இருந்தால் விதையில் ஒரு பிடியையோ, வாடிய செடியை வேரோடும் மண்ணோடும் பொலித்தீன் பையிற் கட்டியோ உங்கள் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.