பிளாண்ட் என்னும் சொல்லும் நம் பொறியும்



இந்த அரங்கிற்கு வரும் வழியில் சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே ஒலி. ஆனால் சீன எழுத்துகள் வேறொன்றைச் சொல்கின்றன. மாடு, வண்டி, நீர் என்பவை அம்மூன்று எழுத்துகளின் பொருள். மலாய் வழக்கான கிரேத்தா ஆயர் என்பதன் பொருளும் தண்ணீர் வண்டி என்பதே. குழாய் நீர் வராத காலத்தில் மாட்டுவண்டிகள் இப்பகுதி மக்களுக்குத் தண்ணீர் சுமந்து வந்தன. வண்டிகள் மறைந்துவிட்டன. பெயர் நின்றுவிட்டது.

கிரேத்தா என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். மாடு இழுத்த வண்டியைக் குறித்த அச்சொல் இன்றைய மலாயில் மோட்டார் காரைக் குறிக்கிறது. அதனோடு தீ என்னும் சொல்லைச் சேர்த்தால் ரயில். நம் 'வண்டி'யும் அப்படித்தான்: மாட்டுவண்டி, குதிரைவண்டி, புகைவண்டி. கருவி மாறும்போது சொல் அழிவதில்லை. புதிய கருவியின்மேல் ஏறி அமர்ந்துகொள்கிறது. அப்படி மிகப் பல இடங்களில் ஏறி அமர்ந்துவிட்ட ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது 'பிளாண்ட்'.

சில ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் கட்டுமானத் தளங்களில் வைக்கப்படும் எச்சரிக்கை வாசகம் ஒன்றைக் கொடுத்தேன். இயங்கிக்கொண்டிருக்கும் பிளாண்ட் குறித்து எச்சரிக்கையாக இருங்கள் என்பது அதன் கருத்து. ஒரு மாணவர், 'நகரும் செடிகளிடம் கவனம்' என்று எழுதியிருந்தார். வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தந்தை கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர். "அப்பா பலகையைப் படிக்கமாட்டார், சார். படித்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாது என்பார். வண்டி பின்னால் வரும் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒதுங்குவார்" என்றார். அதன்பின் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு சொல்லின் பொருளைத் தவறவிட்டால் தேர்வில் மதிப்பெண் குறையும் என்பதே அதுவரை எங்கள் கவலை. தளத்தில் நிற்பவர் இழக்கக்கூடியது மதிப்பெண் அன்று.

இச்சொல் எப்படி இவ்வளவு பொருள்களைச் சுமக்க நேர்ந்தது? இலத்தீனில் 'பிளாண்டா' என்பது நடுவதற்குரிய இளங்கன்றைக் குறித்தது. அதே வடிவம் உள்ளங்காலையும் குறித்தது. ஆங்கிலத்திற்கு வந்தபின் அதன் வினை வடிவம், ஊன்றுதல், உறுதியாக நிலைநிறுத்துதல் என்னும் பொருளில் விரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தொழிற்புரட்சிக் காலத்தில், ஒரு தொழிலுக்காக ஓரிடத்தில் நிலையாக நிறுவப்பட்ட பொறிகளையும் அதே சொல்லால் குறிக்கத் தொடங்கினர். மண்ணில் ஊன்றியது செடி. தரையில் ஊன்றியது பொறி. இரண்டுக்கும் பொதுவானது ஊன்றுதல் என்ற செயல்.

பின்னர் கிளைகள் பெருகின. மின்சாரம் ஆக்கும் இடம் பிளாண்ட். மாடிக் கட்டடத்தில் குளிரூட்டிகளும் நீரேற்றிகளும் இருக்கும் அறையும் அப்பெயரோடு வழங்குகிறது. கணக்கியலில் அது நிறுவனத்தின் நிலையான சொத்துகளுள் ஒன்று. உளவாளியை ஒரு கூட்டத்திற்குள் நுழைத்து வைத்தாலும், பொய்ச் சான்றை ஒருவர் பையில் ஒளித்து வைத்தாலும் அதே வினைச்சொல்தான். கட்டுமானத் தொழிலில் மண்வாரி இயந்திரமும் பாரந்தூக்கியும் அச்சொல்லுக்குள் அடங்கும். இங்கே ஒரு முரண் தோன்றுவதைக் காணலாம். அசையாமல் ஊன்றியதைக் குறித்த சொல், ஊர்ந்து வந்து மனிதனை மோதக்கூடியதையும் குறிக்கிறது. வேரை மட்டும் அறிந்தவர் அந்தப் பலகையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆங்கிலம்தான் இப்படிக் குழப்புகிறது என்று எண்ணிவிட வேண்டாம். நம் மொழியில் 'நடு' என்னும் வினையைப் பாருங்கள். நாற்றை நடுகிறோம்; பந்தற்காலை நடுகிறோம்; வீரனுக்குக் கல் நட்டு அதை நடுகல் என்றோம். பந்தலைத் தாங்கும் மரத்திற்குக் 'கால்' என்று பெயர். 'தாள்' என்ற சொல் பாதத்தையும் குறிக்கும், நெற்பயிரின் தண்டையும் குறிக்கும். கன்றும் பாதமும் ஒரே சொல்லில் சந்தித்த இலத்தீன் நிகழ்ச்சி, நமக்கு அயலான ஒன்றன்று.

இன்னும் பொருத்தமான சொல் 'பொறி'. தீயிலிருந்து தெறிப்பது பொறி. எலியைப் பிடிப்பது பொறி. கண், காது முதலான ஐந்தும் பொறி. சோழர் முத்திரையில் இருந்தது புலிப்பொறி. மதுரை மதிலைக் காத்த போர்க்கருவிகளைச் சிலப்பதிகாரம் பொறிகள் என்றே பட்டியலிடுகிறது. அந்த மரபிலிருந்துதான் பொறியியல் என்ற துறைப்பெயரை ஆக்கிக்கொண்டோம். இலங்கைத் தமிழர் கணக்கியல் நூல்களில் 'ஆதனம், பொறி, உபகரணம்' என்று எழுதுவதைக் காணலாம். ஆங்கிலக் கணக்கேடு பிளாண்ட் என்று சொல்லும் இடத்தில் அங்கே பொறி நிற்கிறது. பல பொருள் ஒரு சொல்லுக்கு, பல பொருள் ஒரு சொல்லையே இணையாக வைத்திருக்கிறார்கள். மிகப் பொருத்தமான தேர்வு என்று கருதுகிறேன்.

அப்படியானால் எல்லா இடத்திலும் பொறி என்றே எழுதிவிடலாமா? முடியாது. 'பொறிகளிடம் கவனம்' என்ற பலகையைப் பார்ப்பவர் தீப்பொறி பறக்கிறது என்று எண்ணி, தவறான பக்கம் திரும்பக்கூடும். சொல் சரியாக இருந்தும் பயன் தவறிவிடும். அங்கே எழுத வேண்டியது, 'கனரக வாகனங்கள் இயங்குகின்றன, விலகி நிற்கவும்' என்பதே. மின்சாரத்திற்கு நிலையம், பஞ்சுக்கும் கரும்புக்கும் ஆலை, மாடிக் கட்டடத்திற்கு இயந்திர அறை, தோட்டத்திற்குச் செடி என்று இடத்திற்கேற்பப் பிரித்து வழங்குவது தமிழின் இயல்பு. ஆங்கிலம் ஒரே குடையின்கீழ் நிறுத்துவதைத் தமிழ் தனித்தனி வீடுகளில் குடியமர்த்துகிறது. எனவே மாணவர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இச்சொல்லுக்குத் தமிழில் என்ன?' என்பதன்று. 'இந்தப் பொருள் இந்த இடத்தில் என்ன செய்கிறது? இதைப் படிப்பவர் யார்?' என்பதே.

தமிழில் இத்தகைய இடங்களுக்குப் பெயர் இல்லையே என்று வருந்துவோரும் உண்டு. இந்த அரங்கிலிருந்து சிறிது தூரத்தில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1827ஆம் ஆண்டு அதற்கு வித்திட்டவர் நாராயண பிள்ளை. 1819ஆம் ஆண்டு ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த அவர், தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை ஒன்றைத் தொடங்கினார். இன்றைய ஆங்கில அறிக்கையில் அதுவும் ஒரு பிளாண்ட் ஆகியிருக்கும். அவருக்கு அச்சொல் தேவைப்படவில்லை. சூளை என்றாலே தீயும் மண்ணும் அடுக்கிய செங்கல்லும் கண்முன் நின்றன. உலை, செக்கு, ஆலை, பட்டறை, தறி என நம் முன்னோர் தொழில்தோறும் சொல் வைத்திருந்தனர். ஐங்குறுநூறு கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓசையை யானையின் பிளிறலோடு சேர்த்துக் காட்டுகிறது. எந்திரத்தின் இரைச்சல் தமிழ்க் கவிதைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரே ஆங்கிலச் சொல் வரும் ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து, ஐந்து தமிழ்ச் சொற்களைத் தேடச் சொல்லுங்கள். பிறகு அவற்றைத் தொழில் செய்வோரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குப் புரியாத சொல் அகராதியில் இருந்தாலும் பலகைக்கு ஆகாது.

நிறைவாக, தண்ணீர் வண்டிக்கே திரும்புகிறேன். மாட்டுவண்டி சுமந்த வேலையை இன்று வேறொன்று செய்கிறது. மரீனா ஈஸ்ட்டில் 2020ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 3 கோடி கேலன் நீரைத் தரக்கூடியது. கடல்நீரையும் நீர்த்தேக்க நீரையும் அது சுத்திகரிக்கும். அதன் இயந்திரங்கள் பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் உள்ளன. மேற்கூரை முழுதும் பச்சைப் புல்வெளி. மக்கள் அங்கே உலாவுகிறார்கள். கீழே ஒரு பிளாண்ட், மேலே வேறொரு பிளாண்ட். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு நகர்ந்துவிடும். நாமோ கீழே இருப்பதை ஆலை என்றும் மேலே இருப்பதைப் புல் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு உழைப்பைத் தவிர்க்காமல் செய்வதே மொழிபெயர்ப்பாளரின் கடமை. அதைச் செய்தால், அந்த மாணவியின் தந்தை ஒரு நாள் பலகையைப் படித்தே ஒதுங்கி நிற்பார்.