பிரிந்தோரைச் சேர்த்த பிள்ளைகள்

(இலக்கிய வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் வேளையில் கீழ்க்கட்டளைப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒரே வகையான சுவரொட்டிகள் தோன்றிவிடுகின்றன. நீச்சல், ஓவியம், கராத்தே, சதுரங்கம், கையெழுத்து எனப் பல பயிற்சிகளை அடுக்கிக் 'கோடை முகாம்' என்று தலைப்பிட்டிருப்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னர் கோடை என்றால் பாட்டி வீடு, ஏரிக்கரை, மாமரம், அத்தை மக்களோடு ஆடும் ஆட்டம். இன்று அதே கோடை கட்டணமும் கால அட்டவணையும் உடையதாகிவிட்டது. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்னும் சிறுகதையைத் தழுவி 2024இல் வெளிவந்த 'குரங்கு பெடல்' என்னும் திரைப்படம், அந்தப் பழைய கோடை விடுமுறையைத் திரையில் மீட்டுக் காட்டியபோது பெரியோர் பலர் நெகிழ்ந்தமைக்கு இவ்விழப்பே காரணம் எனலாம்.

முகாம் என்பது வெறும் பொழுதுபோக்கிடம் மட்டுமன்று. பெற்றோரின் கண்பார்வைக்கு அப்பால் ஒரு குழந்தை முதன்முதலாகத் தன்னைத் தானே காணும் இடமும் அதுதான். இந்த உண்மையைக் கருவாகக் கொண்டு பிறந்த ஒரு நகைச்சுவைக் கதை செர்மனியில் தோன்றி, அமெரிக்காவை அடைந்து, கோடம்பாக்கத்தில் தமிழ் பேசியது. அக்கதையின் பயணமும், அப்பயணத்தில் அது பெற்றவையும் இழந்தவையுமே இவ்வுரையின் பொருள்.

மூலக்கதை

எரிக் கேஸ்ட்னர் 1899இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த செர்மானியக் கவிஞர். 1929இல் வெளியான 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்னும் சிறுவர் நாவலால் உலகப் புகழ் பெற்றவர். 1933ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பெர்லின் நகரில் நாசிகள் நூல்களை எரித்தபோது அவருடைய நூல்களும் தீக்கிரையாயின. தம் நூல்கள் எரிவதை அவர் கூட்டத்தினிடையே நின்று நேரிற் கண்டார். நாட்டைவிட்டு நீங்காமல், எழுதத் தடை விதிக்கப்பெற்றவராக அங்கேயே வாழ்ந்தார். போர்க்காலத்தில் திரைக்கதைக் குறிப்பாக அவர் வரைந்து வைத்த ஒரு கரு, போர் முடிந்தபின் 1949இல் 'இரட்டை லோட்டி' என்று பொருள்படும் பெயரில் நாவலாக வெளிவந்தது.

மலையடிவாரத்து ஏரிக்கரையில் சிறுமியர்க்கான ஒரு விடுமுறை இல்லம். வியன்னாவிலிருந்து வந்த லூயிசே துடுக்கானவள். மியூனிக்கிலிருந்து வந்த லோட்டி அடக்கமானவள். இருவரும் ஒரே முகத்தினர். தன் முகத்தை மற்றொருத்தி அணிந்து வந்ததைக் கண்டு லூயிசே சினக்கிறாள். பகையாய்த் தொடங்கியது நட்பாகக் கனிகிறது. பிறந்த நாளும் ஊரும் ஒன்றென அறிந்ததும் உண்மை வெளிப்படுகிறது. பெற்றோர் மணவிலக்குப் பெற்றபோது நிலத்தைப் பாகம் பிரிப்பதுபோல ஆளுக்கொரு குழந்தையை எடுத்துக்கொண்டு, இன்னொருத்தி இருப்பதையே மறைத்துவிட்டனர். சிறுமியர் ஆடையையும் சடையையும் பழக்கவழக்கங்களையும் மாற்றிக்கொண்டு, ஒருத்தி வீட்டிற்கு மற்றவள் செல்கிறாள். சமைக்கத் தெரியாதவள் சமைக்க வேண்டியதாகிறது; அடங்கியிருந்தவள் வீட்டுக் கணக்கைக் கேள்வி கேட்கிறாள். நகைச்சுவை இங்கிருந்தே பெருகுகிறது.

இந்நாவலின் இடையே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு வாசகரோடு பேசும் ஓரிடம் உண்டு. மணவிலக்குப் பற்றிக் குழந்தைகளிடம் பேசலாமா என்று முகஞ்சுளிப்போருக்கு அவர் விடையளிக்கிறார். சிறுமி ஷெர்லி டெம்பிள் உலகமறிந்த நடிகையாக இருந்தும், தான் நடித்த படத்தைத் திரையரங்கிற் காண வயது போதாதென்று தடுக்கப்பட்டாள் என்கிறார். நடிக்கலாம், காணக்கூடாது! அதுபோலவே மணவிலக்கின் துன்பத்தைக் குழந்தை அனுபவிக்கலாம். அதுபற்றிப் படிக்க மட்டும் கூடாது! பெற்றோர் பிரிந்ததால் துன்புறும் குழந்தைகளும் உளர். பிரியாமல் சேர்ந்தே இருப்பதால் துன்புறும் குழந்தைகளும் உளர் என்றும் அவர் நடுநிலையோடு குறிப்பிடுகிறார். நகைச்சுவைக் கதையொன்றின் அடித்தளத்தில் இத்துணை வன்மையான அறம் கிடப்பது நோக்கத்தக்கது.

அமெரிக்க முகாம்

1950இல் செர்மன் மொழியில் திரைப்படமான இக்கதையை 1961இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் 'தி பேரண்ட் டிராப்' என்னும் பெயரில் எடுத்தது. இயக்கியவர் டேவிட் ஸ்விஃப்ட். ஹேலி மில்ஸ் என்னும் இளநடிகையே இரு வேடங்களையும் ஏற்றார். பாஸ்டன் நகரத்துச் சிறுமியும் கலிபோர்னியச் சிறுமியும் கோடை முகாமில் சந்திக்கின்றனர். ஒருவரையொருவர் அலைக்கழிக்கும் குறும்புகள் எல்லைமீறவே, முகாம் தலைவி இருவரையும் ஒரே குடிலில் ஒதுக்கிவைத்துத் தண்டிக்கிறார். பகைவரைப் பிரிக்காமல் சேர்த்துவைப்பதே தண்டனை, அத்தண்டனையே மருந்தாகிறது. பெரியோர் உலகில் பிரிவு தீர்ப்பாக இருக்க, குழந்தையர் முகாமில் கூட்டிவைத்தலே தீர்ப்பாகிறது. இம்முரண் இப்படத்தின் உயிர்நாடி எனலாம்.

படத்தின் இறுதிப் பகுதியிலும் ஒரு முகாம் வருகிறது. தந்தை மறுமணம் செய்யவிருக்கும் நங்கையைச் சிறுமியர் காட்டிற்கு அழைத்துச்சென்று, கூடாரவாழ்வின் தொல்லைகளால் அவளைத் துரத்திவிடுகின்றனர். திரையரங்கு சிரிப்பால் அதிர்ந்திருக்கும். ஆயினும் அந்நங்கை பணத்தாசை கொண்டவள் என்று முன்னரே காட்டிவிடுவதால் அச்சிரிப்பிற்குக் குற்றவுணர்வு வாராமல் படம் பார்த்துக்கொள்கிறது. கேஸ்ட்னர் எழுப்பிய கசப்பான வினா, இனிப்புப் பூசப்பெற்றுப் பின்னுக்குச் செல்கிறது. குழந்தையைப் பங்கிட்ட பெற்றோர் தம் பிழைக்கு விடையளிக்க வேண்டிய இடத்தில் இசையும் நிலவொளியும் வந்து காத்துவிடுகின்றன. 1998இல் நான்சி மேயர்ஸ் இயக்கத்தில், லிண்ட்சே லோகன் இரு வேடமேற்க, இப்படம் மீண்டும் எடுக்கப்பெற்றபோதும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

தமிழ் வீடு

1965இல் ஏ.வி.எம். நிறுவனம் இக்கதையைக் 'குழந்தையும் தெய்வமும்' எனத் தமிழாக்கியது. இயக்கியோர் 'பராசக்தி' தந்த கிருஷ்ணன்–பஞ்சு இணையர். ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோராக, லல்லி, பத்மினி என்னும் இரட்டையராகக் குட்டி பத்மினி நடித்தார். இசை மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதை இப்படம் பெற்றது. தெலுங்கில் 'லேத மனசுலு' (1966) எனவும், இந்தியில் 'தோ கலியான்' (1968) எனவும் அது மறுபிறவி எடுத்தது. இந்திப் படத்தின் இரட்டையர், பின்னாளில் கதைத்தலைவியாக விளங்கிய நீத்து சிங்.

தமிழுக்கு வந்தபோது கதையின் எடை முகாமிலிருந்து வீட்டிற்கு நகர்ந்தது. இம்மாற்றம் தற்செயலானதன்று. கேஸ்ட்னரின் கதையில் கணவன் மனைவியரிடையே எழுந்த மனவேற்றுமையே பிரிவுக்குக் காரணம். தமிழ்ப் படத்திலோ செல்வச் செருக்குடைய மாமியார் வருகிறார். அப்பாத்திரத்தில் ஜி. வரலட்சுமி காட்டிய மிடுக்கு மறக்கற்பாலதன்று. கணவனும் மனைவியும் நல்லவர். இடையில் நின்ற செருக்கே தீயது என்று படம் தீர்ப்பளிக்கிறது.

அன்றைய சூழலை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். இந்துத் திருமணச் சட்டம் 1955இல் நிறைவேறியது. எனினும் இருவரும் மனமொத்துப் பிரியும் வழி அச்சட்டத்தில் 1976இல்தான் சேர்க்கப்பட்டது. யார் குற்றவாளி என்று காட்டினாலன்றிப் பிரிய இயலாத காலத்தில், குற்றவாளி ஒருவரைத் திரைக்கதையும் தேடியதில் வியப்பில்லை. கணவன் மனைவி இருவரையும் குற்றத்தினின்று விடுவிக்க மூன்றாமவர் ஒருவர் தேவைப்பட்டார். மாமியார் கிடைத்தார்.

வாயிலாகிய புதல்வர்

குழந்தை பெற்றோரைச் சேர்ப்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. இரட்டைப் பிள்ளைகள் தந்தையின் அவைக்கே சென்று அவன் கதையைப் பாடிய இதிகாசக் காட்சியை, 1963இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'லவகுசா' படத்தில் மக்கள் கண்ணீர் மல்கக் கண்டு இரண்டாண்டே ஆகியிருந்தது. அங்குத் தந்தையும் மக்களும் சேர்ந்தனர். தாய் மண்ணுட் புகுந்தாள்.

அகமரபில் ஊடல் தணிக்கும் வாயில்களைத் தொல்காப்பியக் கற்பியல் பன்னிரண்டாக எண்ணுகிறது. தோழி முதலாகக் கண்டோர் ஈறாக அமைந்த அப்பட்டியலில் பாணன் உண்டு, பார்ப்பான் உண்டு, விருந்தினரும் உண்டு. புதல்வன் இல்லை! எனினும் பாடல்கள் இலக்கணத்தைக் கடந்தன. மருதக்கலியில் தலைவி தன் மகனோடு பேசுவதுபோல் கணவனைச் சாடுகிறாள். மறைந்து கேட்ட தலைவன் மகனை முன்னிட்டே உள்ளே வருகிறான். ஐங்குறுநூற்றுச் செவிலி, தாய்க்கும் தந்தைக்கும் நடுவே மகன் கிடக்கும் காட்சியை மானும் பிணையும் மறியும் கிடக்கும் காட்சியாகக் கண்டு மகிழ்கிறாள். குழந்தை நடுவில் இருக்கிறது. ஆனால் நடுவராக இருக்கவில்லை. இவ்வேறுபாடு நுட்பமானது. சங்கப் புதல்வன் தான் வாயில் என்பதை அறியான். சிரித்தும் சிணுங்கியும் அவன் இருந்தாலே போதும், ஊடல் தணிந்துவிடும்.

அறிந்தே சேர்த்துவைக்கும் பணியைச் சங்க காலத்தில் செய்தோர் யாவர்? புலவர்! மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தபோது, கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவன் வாயிலில் நின்று பாடிய பாடல்களைப் புறநானூறு காத்துவைத்துள்ளது. பரிசில் வாழ்க்கையரான அவர்கள் பொன்னையும் பொருளையும் கேட்கவில்லை. இன்றே சென்று அவள் துயர் தீர்ப்பதுவே தமக்குரிய பரிசில் என்று இரந்தனர்.

கேஸ்ட்னரின் சிறுமியரும் இதையே செய்கின்றனர். பிறந்த நாள் வருகிறது. பெற்றோர் பரிசு தர ஆயத்தமாயிருக்கின்றனர். சிறுமியரோ பொருள் எதுவும் வேண்டா, இனிப் பிரியாதிருத்தல் ஒன்றே வேண்டும் என்கின்றனர். ஈராயிரம் ஆண்டு இடைவெளியும் இருவேறு மொழியும் கடந்து, பறம்பின் கபிலரும் செர்மானியச் சிறுமியரும் ஒரே பரிசிலைக் கேட்டு நிற்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

சுமை யாருடையது?

ஆயினும் இங்கொரு வினா எழுகிறது. கபிலர் முதியவர், உலகியல் கண்டவர், மன்னன் மறுத்தால் வேறு வாயிலுக்குச் செல்லத்தக்கவர். சிறுமிக்கு வேறு வாயில் ஏது? பெரியோர் ஆற்ற வேண்டிய பணியை ஒன்பது வயதுக் குழந்தையின் தோளில் ஏற்றிவிட்டு அதனைத் தெய்வம் என்று வாழ்த்துவது எவ்வகை அறம்? தமிழ்ப் படத்தின் தலைப்பு அழகியது, பொருள் பொதிந்தது. எனினும் தெய்வம் என்று கூறியவுடன் குழந்தைக்கு அழும் உரிமை போய்விடுகிறது. தெய்வத்தினிடம் வேண்டிக்கொள்ளலாம், தெய்வத்திற்கு விளக்கம் தர வேண்டுவதில்லை. மூலக்கதையின் சிறுமியர் பெற்றோரிடம் கேட்டது அருளன்று, விளக்கம்: எங்களைக் கேளாமல் எங்களை ஏன் பிரித்தீர்கள்?

1956இன் இந்து இளவர் காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனையே தலையாயதாகக் கொள்ள வேண்டும் என்கிறது. 1984இன் சட்டத்தின்வழிக் குடும்பநல நீதிமன்றங்கள் தோன்றின. அங்கு வரும் எல்லா இணையரையும் எந்தக் குழந்தையும் சேர்த்துவைக்க இயலாது. சேர்த்துவைக்க வேண்டும் என்பதுமில்லை. வன்கொடுமை நிகழும் வீட்டில் சேர்ந்திருத்தலே கொடிது. அத்தகைய வீட்டுக் குழந்தை இப்படத்தைக் கண்டு, தன் பெற்றோர் சேராமைக்குத் தன் சாமர்த்தியக் குறைவே காரணம் என்று எண்ணினால் யார் பொறுப்பு? நகைச்சுவைப் படத்தின் மகிழ்ச்சியான முடிவு, அரங்கின் இருளில் இருக்கும் ஒரு குழந்தைக்குக் குற்றப் பத்திரிகையாகவும் ஆகக்கூடும்.

இதனாற் படத்தைப் பழித்தல் நோக்கமன்று. அறுபதாண்டு கடந்தும் லல்லியையும் பத்மினியையும் தமிழ் வீடுகள் மறக்காமைக்கு அவ்விரு சிறுமியரின் அறிவும் துணிவுமே காரணம். வேண்டுவது படத்தை விட்டு மூலத்திற்கு ஒருமுறை திரும்பிச் செல்லுதல். அங்கே பெற்றோர் சேர்வதற்கு முன்னரே கதையின் சிறந்த பகுதி முடிந்துவிடுகிறது. விடுமுறை இல்லத்தின் இரவில் லோட்டி விம்முகிறாள். அதுவரை அவளைப் பகைத்த லூயிசேயின் கை இருளில் நீண்டு அவள் தலையை வருடுகிறது. அப்போது அவர்கள் உடன்பிறந்தார் என்பதை அறியார். அறியாமலே ஆறுதல் பிறந்துவிடுகிறது.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்து ஒரு தலைமுறைக்கே ஓசையின்பம் ஊட்டினார். அவ்வழியில் வந்த சிறுவர் பாடல்களில் நிலவும் கிளியும் மாம்பழமும் நிறைய உண்டு. பிரிந்த வீட்டின் பிள்ளைக்கு அவற்றில் எத்தனை வரி உண்டு? வார நாளில் தாயோடும் வார இறுதியில் தந்தையோடும் வாழும் குழந்தைகள் தாம்பரம் மாநகராட்சித் தெருக்களிலும் இருக்கின்றனர். கீழ்க்கட்டளைச் சுவரொட்டி அழைக்கும் கோடை முகாமிலும் அவர்களுள் ஒருவர் வந்து அமர்ந்திருக்கக்கூடும். பக்கத்துப் பாயிலிருக்கும் பிள்ளை, 'ஏன் உன் அப்பா வரல?' என்று கேட்கும்போது விடை தெரியாமல் விழிக்கக்கூடும்.

அக்குழந்தைக்குக் கதை சொல்ல வேண்டும். பொய்யான முடிவு கூறாமல், உண்மையால் அச்சுறுத்தாமல், சிரிக்கச் சிரிக்கச் சொல்ல வேண்டும். தம் நூல்கள் எரிவதைக் கண்ட ஒருவரால் அது முடிந்தது. பேகனின் வாயிலில் நின்ற புலவர் மரபில் வந்தோர்க்கும் அது முடியும். அப்பணியைப் பிள்ளைகளின் தோளிலிருந்து இறக்கித் தம் தோளில் ஏற்றிக்கொள்ளும் கவிஞர் ஒருவரேனும் இவ்வட்டத்தினின்று எழுவாராயின், பத்தாண்டு கூடிக் கலைந்த திங்கட் கூட்டங்கள் பயன்பட்டன என்று கொள்ளலாம்.