சிறு பாய்ப்படகில் ஊசியும் நூலும்

நிலத்தில் கட்டிய வீட்டிலே ஒரு பொருளை வைத்தால், மறுநாட் காலையிலும் அது வைத்த இடத்தில் இருக்கும். முப்பதடி நீளமான பாய்ப்படகின் அறைக்குள் அந்த உறுதி கிடையாது. காற்று ஒருபுறமிருந்து வீச, படகு மறுபுறம் சாய்ந்தபடியே மணிக்கணக்காக ஓடும். பாயைத் திருப்பியதும் சாய்வும் எதிர்ப்புறத்துக்கு மாறும். மேசைமேலிருந்த பேணியும் கத்தியும் கடற்படமும் தாமாகவே புறப்பட்டுவிடும். அலுமாரியும் இழுப்பறையும் செய்து இக்குறையைத் தீர்க்கலாமென்று புதிதாகப் படகு வாங்கியவர் எண்ணுவர். மரமோ பாரமானது. அதன் மூலைகள் தவறி விழுபவனின் விலாவெலும்பை முறிக்க வல்லவை. அன்றியும் படகின் பக்கம் வளைந்தது, பெட்டியின் பக்கம் நேரானது. இரண்டுக்கும் இடையிலே கணிசமான இடம் வீணாகும். அனுபவமுள்ள சிறு படகோட்டிகள் துணியை நாடுவது இதனாலேயே. துணிப்பை வளைவுக்கு வளைந்து கொடுக்கும், யாரையும் காயப்படுத்தாது, வெறுமையானதும் சுருட்டி ஒதுக்கிவிடலாம்.

துணியும் ஊசியும் ஒரு மனிதனுக்கு எவ்வளவு தூரம் துணைவரும் என்பதைச் 'சுஹைலி' என்னும் படகின் கதையிலே காணலாம். ஆங்கிலேய வணிகக் கப்பல் அதிகாரியான றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் அதனைப் பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டுவித்தார். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி'யை நேயர்கள் அறிவர். அதன் நீளம் ஏறத்தாழ 90 அடி; சுஹைலியின் நீளமோ 32 அடியே. 1968 யூன் 14 ஆம் திகதி நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் இங்கிலாந்தின் பால்மவுத் துறையிலிருந்து தன்னந்தனியராகப் புறப்பட்டார். எந்தத் துறைமுகத்திலும் தங்காது உலகைச் சுற்றி, 312 நாட்களின் பின், 1969 ஏப்ரில் 22 ஆம் திகதி அதே துறைக்கு மீண்டார். அந்தப் போட்டியிற் புறப்பட்ட ஒன்பதின்மரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

தென்கடலிற் புகுந்த சில நாட்களில் ஒரு பேரலை சுஹைலியைப் பக்கவாட்டில் வீழ்த்தியது. படுத்திருந்தவர் மேல் அறையிலிருந்த பொருட்கள் வந்து குவிந்தன. தொட்டிகளிலிருந்த குடிநீர் மாசடைந்திருந்தமையும் பின்னர் தெரியவந்தது. அதன்பிறகு பாயில் வழிந்த மழைநீரைப் பிடித்தே அவர் பெரும்பாலும் தாகந்தீர்க்க வேண்டியதாயிற்று. பொருளை இருந்த இடத்தில் நிறுத்திவைப்பது எத்துணை முக்கியமென்பதை அத்தகைய ஓர் இரவு கற்பித்துவிடும்.

தைக்கத் தொடங்குபவன் முதலிலே செய்யவேண்டியது மாலுமியின் கைப்பை. பாய்க்கப்பல்களிற் புதிதாகச் சேர்ந்த இளைஞரும் பயிற்சிக்காக இதனைத் தைத்து வந்தனர். பாயிலே வருகின்ற தையல்களிற் பெரும்பாலானவை இச்சிறு பையிலும் வருகின்றன. அடிவட்டத்தின் விட்டம் ஏழு அங்குலமாயின், சுற்றளவு இருபத்திரண்டு அங்குலம். மூட்டுக்கும் மடிப்புக்குமாக ஓர் அங்குலம் சேர்த்துப் பன்னிரண்டு அங்குல உயரத்தில் கித்தான் துணியை வெட்டிக்கொள்ளலாம். அடிவட்டம் இரட்டைத் துணியாய் இருத்தல் நன்று. நூலை இரண்டாக மடித்துத் தேன்மெழுகிலே இழுக்கவேண்டும். மெழுகிட்ட நூல் சிக்காது, ஈரத்தையும் விரைவில் உறிஞ்சாது. பாய் தைக்கும் ஊசியின் முனை முக்கோணமானது. தடித்த துணிக்குள் அதனைத் தள்ளுவதற்கு உள்ளங்கையில் தோற்பட்டை ஒன்றை மாட்டிக்கொள்வர். அதிலே பதித்த இரும்புத் தகடு ஊசியின் பின்புறத்தைத் தாங்கும். விரலுறையை நம்பினவர் ஒரு மணிநேரத்தில் அதனைக் கழற்றி எறிந்துவிடுவர். வாய்ப்புறத்திலே கயிறு கோப்பதற்கு ஆறு அல்லது எட்டுக் கண்கள் வைக்கவேண்டும். பித்தளைக் கண்களை அடித்து இறுக்குவது இலகு. நூல்வளையமொன்றைத் துளையின்மேல் வைத்துச் சுற்றிவரத் தைப்பது கடினம். ஆயின் பிய்ந்துவிடாது நீடித்து உழைக்கும்.

கைப்பை முடிந்தால் ஏனையவை எளியன. அறையின் பக்கத்திலே தொங்கவிடும் பலபைத் துணி ஒன்று பெரும் உபகாரமானது. பைகளுக்கான துணி பின்துணியிலும் அகலமாயிருக்கவேண்டும். ஒவ்வொரு பையின் இரு அடிமூலைகளிலும் மடிப்பு வைத்தால் வாய் அகன்று நிற்கும். பையின் அடியை வலைத்துணியால் தைப்பவர் அறிவாளர், ஏனெனில் படகிலே புகும் தண்ணீர் எப்படியும் பையிலே புகும், அது வெளியேற வழி வேண்டும். துணி படகின் சுவரோடு ஒட்டாது மெல்லிய மரச்சட்டம் ஒன்றிலே தொங்கினால் காற்று ஊடாடும், பூஞ்சணம் பிடியாது. காய்கனிகளுக்கு ஊஞ்சல்போற் கட்டிய வலைப்பையே ஏற்றது. மீன்வலை பின்னத் தெரிந்தவருக்கு இது ஒரு மாலைப்பொழுதின் வேலை. தகரப் பேணிகளைப் பொறுத்தவரை தையலுக்கு வேலையில்லை. கடதாசிச் சீட்டுகள் ஈரத்தில் உரிந்துவிடுமாதலால், அவற்றை முன்பே நீக்கி, மைப்பூச்சினால் உள்ளடக்கத்தை எழுதிவிடுவது வழக்கம்.

படுக்கைத் தடுப்புத் துணியை மட்டும் அவசரத்திற் தைத்தல் ஆகாது. சாய்ந்தோடும் படகிலே உறங்குபவன் உருண்டு விழாமற் காப்பது அது. தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் போதிய நீளமும், மெத்தைக்கு மேல் ஒன்றரை அடி உயரமும் அதற்கு வேண்டும். கீழ்விளிம்பை மெத்தையின் அடியிலே பலகையோடு மரச்சட்டம் வைத்து முடுக்கவேண்டும். வெறும் ஆணிகளால் அடித்தால் ஒருவனுடைய முழுப்பாரமும் ஒவ்வோர் ஆணியிலும் தனித்தனியே பொறுத்துத் துணி கிழியும். சட்டமோ பாரத்தைப் பகிர்ந்துவிடும். மேல்மூலைகள் இரண்டிலும் கயிறு தைத்து, அறையின் மேற்பகுதியிலுள்ள வளையங்களிற் கட்டுவர். கயிற்றின் முடிச்சு, படுத்திருப்பவன் ஒரு கையால் அவிழ்க்கக்கூடியதாய் இருக்கவேண்டும்.

இவ்வளவு பழகிய கை, வேறொரு நாளிலே உயிரைக் காக்கவும் கூடும். சுஹைலி அத்திலாந்திக்கிலே தெற்கு நோக்கிச் செல்கையில் நீர் மிகையாக ஊறலாயிற்று. நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் கடலிற் குதித்துப் பார்த்தபோது, படகின் அடிப்பாகத்தில் இரு பக்கத்துப் பலகை மூட்டுகளும் விரிந்திருந்தன. வழக்கம்போலப் பஞ்சுத்திரியைச் சுத்தியலால் அடித்துச் செருக முயன்றார். மூச்சுக்காக மேலே வந்து மீள்வதற்குள் அடித்த பஞ்சு வெளியே வந்துவிடும். அப்பொழுது அவருக்குத் தையல் கைகொடுத்தது. ஒடுக்கமான கித்தான் நாடா ஒன்றிலே பஞ்சைத் தைத்து, தார் பூசி, செப்பாணிகளை முன்னரே அதிற் குத்திவைத்துக்கொண்டார். பிறகு நீருக்குள் மூழ்கி, நாடாவை மூட்டின்மேற் பொருத்தி, ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்தார். நாடா கழன்றுவிடாதபடி அதன்மேற் செப்புத்தகடும் அறையப்பட்டது. இடையிலே ஒரு சுறாவும் வந்து சுற்றியது. அதனைச் சுட்டுக் கொன்ற பின்னரே வேலை தொடர்ந்தது. தளத்தின்மேல் அமர்ந்து நிதானமாகச் செய்யக்கூடிய பகுதியைத் தையலால் முடித்துக்கொண்டமையால், நீரின் கீழே எஞ்சியது சுத்தியல் வேலை மாத்திரமே.

அதே மனிதர், பாயொன்றின் விளிம்பிலே கயிறு தைத்துக்கொண்டிருந்தபோது, தம் மீசையையும் சேர்த்துத் தைத்துவிட்டார். கத்தி கைக்கெட்டவில்லை. ஈற்றில் தலையை வெடுக்கென இழுத்து, சில மயிர்களைப் பாயிலே விட்டு மீண்டார். பாய் தைப்பவர் முகத்தைத் துணிக்கு எவ்வளவு அருகிலே வைத்திருக்கின்றனர் என்பதற்கு இதுவும் ஓர் அளவு.

கிழிந்த பாய்க்கு ஒட்டுப்போடும்போது, ஒட்டின் ஊடும் பாவும் பாயினுடையவற்றோடு ஒரே திசையிற் செல்லவேண்டும்; இல்லையேல் காற்றிலே இரண்டும் வெவ்வேறு விதமாய் இழுபட்டுச் சுருங்கும். தையல்களை மிக நெருக்கமாக இடுவதும் தவறு. தபால் முத்திரையின் ஓரத்துத் துளைகளைப்போல, நெருங்கிய ஊசித்துளைகள் கிழிவதற்கு வழிகாட்டும். வீட்டிலுள்ள தையல் இயந்திரம் கித்தானில் மூன்று நான்கு மடிப்பையும் தைக்கும். தடித்த ஊசியிட்டு, மூட்டுகளிலே சக்கரத்தைக் கையாற் சுழற்றினாற் போதும். பருத்திநூல் நனைந்து பருத்துத் துளையை அடைக்கும், ஆயின் உக்கிவிடும். பொலியெஸ்ரர் நூல் உக்காது. வெயிலையும் நைலோனிலும் நன்றாகத் தாங்கும்.

அந்த வெயிலே பாயின் முதற் பகைவன். ஆகவே பாய் சுருட்டிக் கிடக்கையில் அதனை மூடும் உறையைத் தைப்பது, செலவு குறைந்த வேலைகளுள் மிகுந்த இலாபந்தருவது. உறை இறுகப் பிடிக்கக்கூடாது. கீழ்ப்புறம் திறந்திருந்து, இடையிடையே நாடாக்களாற் கட்டப்படவேண்டும். மழைநீர் தேங்காதபடி மேற்புறத்து மூட்டு முன்னும் பின்னுமாகச் சரிந்திருத்தல் நலம். உப்பு ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஆதலால் உறையையும் பைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நன்னீரிலே அலசி, நிழலிலே உலர்த்தி, முற்றாக உலர்ந்த பின்னரே மடித்து வைப்பர்.